மன்னார் வளைகுடாவில் காற்றாலை, பவளப்பாறை, கைட் சர்ஃபிங்: மூன்றுக்கும் இடம் உண்டா?

ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் விளையாட்டு) பழகிவிட்டு வந்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகள் வரப்போவதாகச் செய்தி வருகிறது. அது தேசியப் பூங்கா இருக்கிற கடல், எங்களைப் போன்றவர்கள் விளையாடவும் முக்குளிக்கவும் வருகிற கடல். மின்சாரமும் தேவைதான். மூன்றும் ஒரே கடலில் இருக்க முடியுமா, ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காற்றாலையால் கடலுக்கு என்ன ஆகும் என்பது ஒன்று. அதற்கு அறிவியல் ஓரளவு பதில் சொல்லும். எந்தக் கடல் எந்த வேலைக்கு என்று யார், எப்போது முடிவெடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. உங்கள் கவலைக்கு உண்மையான காரணம் இந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நான் கடல் உயிரியல் படித்தவன். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை, கடற்புல் கணக்கெடுப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன், அப்புறம் கடல் பரப்பைத் திட்டமிடும் வேலைக்கு வந்தேன். காற்றாலைப் பொறியியலும் மின் கட்டணக் கணக்கும் என் துறை இல்லை. அவற்றில் துறைக்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இடத்தைச் சரியாகப் பார்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேதான். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டிச் சங்கிலிபோல் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் வந்தது. பூங்காவுக்குள் சட்டம் கடுமை. காப்பகத்தின் மற்ற பகுதியில் மக்கள் தொழில் செய்யலாம், அது மக்களையும் சேர்த்தே எழுதப்பட்ட ஏற்பாடு. செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். ‘மன்னார் வளைகுடாவில் காற்றாலை’ என்றதும் குருசடை தீவுப் பவளத்தின் மேல் கம்பம் நடுவதுபோல் ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது.

காற்று நன்றாக இருப்பதாக அளந்து சொல்லப்படும் கடல் பெரும்பாலும் தெற்கே, கன்னியாகுமரி, மணப்பாடு, தூத்துக்குடிக்கு வெளியே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது. முப்பந்தலில் ஏன் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன என்று யோசித்தால் இது புரிந்துவிடும். நீங்கள் கைட் பறக்கவிட்ட இடத்திலிருந்து மணப்பாடு நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டருக்கும் மேல். கைட் சர்ஃபிங் நடப்பதோ கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள், காயல்போல் அலை அடங்கிய நீரில். கடல் காற்றாலைகளைக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுத்துவார்கள். ஆகவே உங்கள் விளையாட்டு இடத்தில் விசிறி வந்து நிற்கும் என்ற பயம் வேண்டாம். மணப்பாட்டில் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் அடிவானத்தில் விசிறிகளைப் பார்க்க நேரலாம். அது கண்ணுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு, அதையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

அரசுத் தரப்பில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. 2018இல், 2030க்குள் 30 ஜிகாவாட் என்று இலக்கு அறிவித்தார்கள். 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் தொகைக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், கூடவே துறைமுக வசதிக்கு 600 கோடி என்பது அதன் பிரிவு. இத்தனைக்கும் பிறகு, எனக்குத் தெரிந்தவரை, தமிழகக் கடலில் இன்னும் ஒரு விசிறிகூடச் சுழலவில்லை. உங்கள் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது என்று சொல்வது இதனால்தான். கம்பம் நட்ட பிறகு கேட்டால் நிவாரணம் பற்றித்தான் பேச முடியும்.

500 மெகாவாட் என்றால் எவ்வளவு கடல் வேண்டும்? இப்போது வருகிற பெரிய விசிறிகளைக் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 40. ஒன்றின் காற்றை இன்னொன்று மறைக்காமல் இருக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டும். மொத்தம் சுமார் 100 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். இது கைக்கணக்குதான், ஆழத்தையும் விசிறியின் அளவையும் பொறுத்து மாறும். ஆனால் எந்த அளவில் பேசுகிறோம் என்பது இதில் தெரிந்துவிடும். வளைகுடாவையே விழுங்கிவிடும் அளவு இல்லை. எங்கே வைத்தாலும் யாருக்கும் வலிக்காது என்று சொல்லும் அளவும் இல்லை.

உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகத்துக்குரியது எது என்று இனி பிரித்துச் சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாப் பவளத்தை இதுவரை கெடுத்தவை எவை என்பதில் சந்தேகம் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் அது படிப்படியாக நின்றது. அடித்தளத்தை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடி, நகரக் கழிவு, தூத்துக்குடிக் கரையில் அனல் மின் உற்பத்தியின் சாம்பலும் சுடுநீரும் இந்த வரிசையில் வரும். எல்லாவற்றுக்கும் மேலே கடல் வெப்பம். 2010இலும் 2016இலும் பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. வெளுத்த பவளத்துக்கு மேலே மிதந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழுப்பும் பச்சையுமாக இருந்த திட்டு முழுக்க உப்புக்கல் நிறத்துக்கு வந்துவிடும், சில வாரங்களில் அதன்மேல் பாசி இழை படரத் தொடங்கினால் அது இனித் திரும்பாது. நிலக்கரியை எரிப்பதும் இந்த வெப்பமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஆகவே ‘பவளத்தைக் காப்பாற்றக் காற்றாலை வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காற்றாலையைத் தடுத்து அனல் மின்சாரத்தையே தொடர்ந்தால் பவளத்துக்கு நன்மை ஒன்றும் இல்லை.

கட்டும் காலத்துச் சத்தம் கடல் உயிர்களுக்குக் கெடுதல் என்பதும் உறுதி. கடலடியில் இரும்புத் தூணை அடித்து இறக்கும்போது எழும் ஒலி நீரில் வெகுதூரம் போகும். வட கடலில் போர்பாய்ஸ் என்ற சிறு ஓங்கில் வகை 20 கிலோமீட்டர் அளவுக்கு விலகிப் போனதை அளந்து எழுதியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவை பெரும்பாலும் திரும்பி வந்தன. ஜெர்மனி இதற்கு எல்லை வைத்திருக்கிறது: தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. அதற்குள் நிற்க, தூணைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாயைப் போட்டுக் காற்றை அடித்துக் குமிழித் திரை ஒன்றை எழுப்புகிறார்கள். ஒலி அந்தக் குமிழிகளில் மோதி வலுவிழக்கிறது. செலவு பிடிக்கும், ஆனால் செய்யக்கூடியது. ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் செய்வார்கள்.

கடல் பசு விஷயத்தில் எவரும் உறுதியாகப் பேசக் கூடாது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்த விலங்கு கடற்புல் மேய்வது, கூச்ச சுபாவம், எண்ணிக்கையோ மிகக் குறைவு. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு வெளியே 448 சதுர கிலோமீட்டரை 2022இல் இதற்கென்றே காப்பிடமாக அறிவித்தார்கள். தூண் அடிக்கும் ஒலிக்கு ஆவுளியா என்ன செய்யும் என்பதற்கு வட கடல் ஆய்வுகள் விடை தராது, ஏனென்றால் அங்கே இந்த விலங்கே கிடையாது. குட்டியோடு இருக்கும் ஒரு தாய் தன் மேய்ச்சல் இடத்தை விட்டு ஒரு பருவம் விலகினாலே, இவ்வளவு சிறிய கூட்டத்தில் அது பெரிய இழப்பு. தெரியாத இடத்தில் ஒதுங்கி நிற்பதுதான் முறை. கடற்புல் படுகைகளிலிருந்து நல்ல தூரம் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அது பருவம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் இருந்தவர்களுக்கு வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) பேச்சு தெரிந்திருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கி இருக்கும். வாடை வந்தால் நேர்மாறு. கைட் விளையாடுபவர்களும் காற்றோடு சேர்ந்து கரை மாறுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்றாலை மின்சாரம் கொட்டுவது கச்சான் மாதங்களில். ஆனால் கட்டுமானக் கப்பல்கள் வேலை செய்ய அமைதியான கடல் வேண்டும். தென்கடல் அடங்கியிருக்கும் மாதங்கள் எவை? ஏறத்தாழ மார்கழி முதல் சித்திரை வரை. வள்ளக்காரர்கள் தென்கடலில் நல்ல மீன்பாடு பார்ப்பது அந்த மாதங்களில். முக்குளிக்கவும் கண்ணாடிப் படகில் பவளம் பார்க்கவும் நீர் தெளிந்திருப்பது அப்போதுதான். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவதும் தை முதல் பங்குனிக்குள். இந்த வளைகுடாவில் கொம்புப் பவளங்கள் பல மார்ச் மாத வாக்கில் முட்டையும் விந்தும் விடுகின்றன. அந்தச் சமயத்தில் நீரில் சேறு கலங்கினால் அந்த வருடத்து இளம் பவளம் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காது.

ஆக, வரைபடத்தில் மோதாதவை நாள்காட்டியில் மோதுகின்றன. இடத்தைப் பிரித்துவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தால், எல்லாரும் அதே ஐந்து மாதங்களுக்கு வந்து நிற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது கட்டலாமே என்று ஒரு யோசனை வரும். முதல் பாதிக்கு அது ஓரளவு சரி. மே நடுவில் காற்று எழும்பிவிடும். தவிர, தடைக்காலம் வைத்ததே மீன் முட்டையிடட்டும் என்றுதான். விசைப்படகு நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் நாட்டுப்படகுக்காரருக்குக் கொஞ்சம் மூச்சுவிடும் நேரமும்கூட. என் கணிப்பில், தூண் அடிக்கும் வேலையை மார்ச்சில் நிறுத்தி, மற்ற மாதங்களில் பகுதி பகுதியாக, ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் என்று நடத்தினால் சேதம் பெருமளவு குறையும். இது அனுபவத்தில் சொல்வது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழு வருடமாவது அளந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அடுத்து, கேபிள். விசிறி தூரத்தில் நிற்கும், கேபிள் கரைக்கு வந்தே தீரும். கடற்புல், பவளம், சங்கு குளிக்கும் இடம், கரைவலை இழுக்கும் மணல், குளிக்க வருகிறவர்கள் என எல்லாமே நெருக்கமாக இருக்கும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரை அது குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். சுற்றுலாவுக்கும் பாதுகாப்புக்கும் மின்சாரத்துக்கும் நேரடி உரசல் அங்கேதான்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட். சின்ன மாநிலம், பாய்மரப் படகுப் போட்டிக்கும் தூண்டில் மீன்பிடிக்கும் பேர்போன கடல். காற்றாலைக் கம்பெனி இடம் கேட்டு வந்தபோது அவர்கள் உடனே ஏலம் விடவில்லை. 2008இல் தொடங்கி இரண்டு வருடம் கடலை வரைந்தார்கள். பாய்மரப் போட்டி எங்கே நடக்கிறது, முக்குளிப்பவர்கள் இறங்கும் மூழ்கிய கப்பல்கள் எங்கே, எங்கே தூண்டில் போடுகிறார்கள், கடல் வாத்துகள் எங்கே இரை தேடுகின்றன என்று ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஏறியது. 2010இல் அது சட்ட மதிப்புள்ள திட்டமாக வந்தது. கடல் வாத்துகள் இரை தேடும், 20 மீட்டருக்குள்ளான ஆழத்தில் காற்றாலை கூடாது என்று அதில் எழுதினார்கள். அப்புறம்தான் பிளாக் ஐலண்டுக்கு அருகே ஐந்தே ஐந்து விசிறிகள், 30 மெகாவாட், 2016 டிசம்பரில் ஓடத் தொடங்கின. அமெரிக்காவின் முதல் கடல் காற்றாலை அதுதான்.

விளைவு? சுற்றுலா விழவில்லை. அந்தத் தீவில் வாடகை வீடுகளின் கோடைக்கால முன்பதிவை ஆராய்ந்தவர்கள், காற்றாலை வந்தபின் அது கூடியதாகவே கண்டார்கள். தூண்களில் சிப்பி படர்ந்தது, மீன் கூடியது, தூண்டில்காரர்கள் அங்கேயே படகை நிறுத்தத் தொடங்கினார்கள். சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்றால் இல்லை. கேபிள் கரையேறும் இடம் ஊர் மக்கள் குளிக்கும் கடற்கரை. அங்கே அதைப் போதிய ஆழத்தில் புதைக்கவில்லை, சில வருடங்களில் மணல் அரித்துக் கேபிள் வெளியே தெரிந்துவிட்டது. மறுபடி தோண்டிப் புதைக்க வேண்டிவந்தது. இன்னொன்று இதைவிட முக்கியம். அந்தத் திட்டத்தின் கீழ் மீனவர்களுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு வைத்திருந்தார்கள். பின்னால் பெரிய பெரிய காற்றாலைகள் வரிசையாக வந்தபோது, எங்கள் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று சொல்லி 2023இல் அந்தக் குழுவினர் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். வரைபடம் நன்றாக இருந்தது, முதல் திட்டம் சின்னதாக இருந்ததால் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அளவு பெருகியபோது ஆலோசனை சடங்காகிவிட்டது. நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு பாதிகளையும்தான்.

கேபிளை நம் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். தூத்துக்குடித் தீவுக் கூட்டத்தில் வான் தீவு அலை அரிப்பில் கரைந்துகொண்டே வந்தது. செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கித்தான் அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மணல் இவ்வளவு நகரும் கரையில் கேபிளை மேலோட்டமாகப் புதைத்தால் அது வெளியே வராமல் இருக்காது. தாழை எனப்படும் கடற்புல் படுகை வழியாகத் தோண்டினால் காயம் ஆறுவதும் எளிதில்லை. ஒரு நங்கூரம் இழுத்த தடம் எப்படி இருக்கும் தெரியுமா? பச்சைப் படுகைக்கு நடுவே முழங்கை அகலத்துக்கு வெள்ளை மணல் கோடு, ஓரத்தில் வேர்க்கிழங்குகள் அறுந்து நூல் நூலாகத் தொங்கும், அலை வரும்போதெல்லாம் அந்த விளிம்பு இன்னும் கொஞ்சம் அரித்துக்கொண்டே போகும். அடுத்த வருடம் வந்து பார்த்தால் கோடு மூடியிருக்காது, அகலமாகியிருக்கும். நங்கூரமே இப்படி என்றால் கேபிள் பள்ளம் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் பள்ளம் தோண்டாமல், கடலடிக்குக் கீழே துளை போட்டுக் கேபிளை நுழைக்கும் முறை இருக்கிறது. எண்ணெய்க் குழாய் போடுபவர்கள் அதைப் பல காலமாகச் செய்கிறார்கள். கூடுதல் செலவைக் காரணம் காட்டி அதைத் தட்டிக்கழிக்க விடக் கூடாது.

சந்தேகமானவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேபிளைச் சுற்றி எழும் காந்தப் புலத்தைத் திருக்கையும் சுறாவும் உணரும், திருக்கை வகைகள் அதன் அருகே நீந்தும் விதத்தை மாற்றிக்கொள்வதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் மீன்வளம் குறைந்தது என்று எங்கும் நிறுவப்படவில்லை. தூணைச் சுற்றி மீன் பெருகுகிறதா, வேறெங்கோ இருந்த மீன் அங்கே கூடுகிறதா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. மணல் கடலில் புதிதாக ஒரு கெட்டியான தூண் நின்றால் அயல் உயிரினங்கள் தொற்றிக்கொள்ள இடம் கிடைக்கும் என்பதும் வெறும் பயம் இல்லை. கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை நல்ல எண்ணத்தோடுதான் மண்டபம் கரையில் வளர்க்கத் தொடங்கினார்கள், 2008 வாக்கில் குருசடைப் பவளத்தின் மேல் அது போர்த்திக்கொண்டு கிடந்தது. பறவைகள் விஷயத்தில் இடம்தான் எல்லாம். தனுஷ்கோடி, கோடியக்கரை, அக்கரையில் மன்னார் தீவு என்று வலசைப் பறவைகள் இறங்கும் வழி இது. இலங்கையின் மன்னாரில் கரைக் காற்றாலைகளை எதிர்த்து 2025இல் மக்கள் தெருவுக்கு வந்ததில் பறவைகளும் ஒரு காரணம். தெற்கே மணப்பாட்டுக்கு வெளியே இந்தச் சிக்கல் குறைவாக இருக்கலாம், ஆனால் ராடார் வைத்து இரவிலும் அளக்காமல், சிக்கல் இருப்பதாகவும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சுற்றுலாவைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும், நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதால். விளையாட்டு எதையும் தின்பதில்லை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பவளத்தின் மேல் நிற்கும் கால், கடற்புல்லில் போடும் நங்கூரம், தனுஷ்கோடி மணலில் விட்டுப்போகும் பிளாஸ்டிக் எல்லாம் சுற்றுலாவின் கணக்கில் வருபவை. கைட்டுக்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு: தலைக்கு மேல் பாய்ந்து திரும்பும் அந்தத் துணி, நீர்ப்பறவைகளின் கண்ணுக்கு வேட்டைப் பறவை. பூநாரைக் கூட்டம் இரை தேடும் நேரத்தில் ஒருமுறை எழும்பிப் பறந்தால் அது சேர்த்துவைத்த தெம்பில் ஒரு பங்கு போய்விடும். ஜெர்மனியின் வாடன் கடலில் கைட்டுக்கென்று வட்டாரம் ஒதுக்கி, மற்ற இடத்தில் தடை செய்திருக்கிறார்கள். வாடைக் காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் நிற்கும் ஆழமில்லாத நீரை உங்கள் குழுவினர் தாங்களாகவே விட்டுக்கொடுத்தால், காற்றாலைக்காரர்களிடம் ஒதுங்கிப் போங்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்குக் கூடும்.

நீங்கள் மூன்று தரப்பைச் சொன்னீர்கள். நான்காவது தரப்பைச் சொல்லவில்லை. அங்கே தினமும் தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்: வள்ளக்காரர், சங்கு குளிப்பவர், பாசி எடுக்கும் பெண்கள். பூங்கா வந்தபோது தீவுகளுக்குப் போகும் வழக்கத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாசி எடுத்து வாழ்ந்தவர்கள். பூங்கா எல்லை அவர்கள் பிழைப்பின் நடுவே கோடு போட்டது. அதனால் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லையே அவர்களில் பலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். அதன்மேல் ‘பசுமை மின்சாரம்’ என்று இன்னொரு கோடு வந்தால் என்ன ஆகும்?

ஒரு வள்ளக்காரர் கடலில் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று மணப்பாட்டில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மணல் குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலையும் கலங்கரை விளக்கையும் ஒரு நேருக்குக் கொண்டுவருவார், இன்னொரு பக்கம் தொலைவில் ஒரு பனைக்கூட்டத்தை வேறொன்றோடு சேர்ப்பார், இரண்டும் ஒத்துவந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை இறக்கித் தரையைத் தட்டிப் பார்ப்பார். கல்லில் பட்டால் கைக்கு ஒரு மாதிரி அதிரும், மணலில் பட்டால் சத்தமே இருக்காது. கீழே ‘பார்’, அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது என்று அந்த அதிர்வுதான் சொல்கிறது. விளை மீனும் கலவாயும் அங்கேதான் இருக்கும். அந்தப் பாருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, யார் தாத்தா முதலில் கண்டது என்ற கதையும் உண்டு. ஆனால் ஏலம் விடுகிறவர்கள் கையில் இருக்கும் வரைபடத்தில் அந்தப் பாருக்குப் பெயரும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆழம் இத்தனை, காற்று இத்தனை, கப்பல் பாதை இங்கே, பூங்கா எல்லை அங்கே, மீதிக் கடல் காலி. அந்தக் ‘காலி’ என்ற இடத்தில்தான் தவறு தொடங்குகிறது. விசிறிகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறதே, வள்ளம் போகலாமே என்பார்கள். தூண்டில் போடப் போகலாம். காற்றோடும் நீரோட்டத்தோடும் மிதந்து போகும் வலையை விட முடியாது, அது தூணைச் சுற்றிக்கொள்ளும். எந்தத் தொழிலுக்கு இடமுண்டு, எதற்கு இல்லை என்பதை அந்தந்தத் தொழில்காரரோடு உட்கார்ந்துதான் பிரிக்க முடியும்.

காற்றாலையோடு சேர்த்து எண்ணெய், எரிவாயுவையும் ‘எரிசக்தி வளர்ச்சி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் எண்ணெய் தேட ஒதுக்கிய வட்டாரத்தைக் கைவிடக் கேட்டு 2025இல் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காற்றாலை உடைந்தால் ஒரு விசிறி போகும். எண்ணெய்க் கிணறு உடைந்தால் இந்த வளைகுடாவுக்கு மீட்சி கிடையாது, நீரோட்டம் இரண்டு நாட்டுக் கரைக்கும் அதைக் கொண்டுபோகும்.

சரி, என் முடிவு. மூன்றும், நான்காவதும், இந்தக் கடலில் இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். பூங்காவும் கடற்புல்லும் தொடக்கூடாதவை. தெற்கே, ஆழம் கூடிய கடலில், ஒரு சிறிய திட்டம் முதலில். கேபிள் எங்கே கரையேறும் என்பது ஏலத்துக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும், இப்போது பழக்கத்தில் அது கடைசியில் வருகிறது. மீனவர் பார்களும், வலை விடும் வழிகளும், விளையாட்டு இடங்களும், பருவங்களும் முதலில் வரைபடத்தில் ஏற வேண்டும். புதுச்சேரியில் நார்வே ஒத்துழைப்போடு கடற்பரப்புத் திட்டமிடலைத் தொடங்கியிருக்கிறார்கள், ஆகவே இது நம் நாட்டில் நடக்காத காரியம் இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளுக்கும் அது வர வேண்டும். இந்த வரிசை மாறினால், அதாவது ஏலம் முதலிலும் வரைபடம் பிறகும் என்றால், நான் எதிர்ப்பவர்கள் பக்கம் நிற்பேன்.

நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அது பெரிய வேலையும் இல்லை. கைட் சர்ஃபிங் குழுவினர், முக்குளிப்பவர்கள், அலைச்சறுக்குப் பயிற்சியாளர்கள் எந்த மாதம், எந்தக் கரை, எவ்வளவு தூரம் கடலுக்குள் என்பதை எழுதி வையுங்கள். உங்கள் கைக்கடிகாரமும் போனும் பதிவு செய்யும் தடங்களே போதும். பக்கத்து ஊர் மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து அவர்கள் வழிகளையும் அதே வரைபடத்தில் போடுங்கள். பாரின் இடத்தைச் சொல்ல அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், அது அவர்கள் சொத்து, தோராயமான வட்டம் போதும். கேபிள் கரையேற கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, அந்த வரைபடத்தை எழுத்து மூலமான ஆட்சேபணையோடு சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் தயாரிப்பதில் எங்கேனும் தடுமாறினால் இந்தப் பதிலின் கீழேயே கேளுங்கள், எந்த அளவில் எப்படி வரைவது என்று சொல்லித் தருகிறேன்.